ஐந்தாவது ஜோடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு ஆசாரி அண்ணன் வந்தார். மாடுலர் கிச்சன், அலமாரி வேலை எல்லாம் ஒப்பந்தம் பேசிச் செய்கிறவர். கையில் மஞ்சப்பை. அதற்குள் அவருடைய கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரி பேக்.

“தம்பி, இது செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. சார்ஜர்ல மாட்டினா செவப்பும் பச்சையுமா மாறி மாறி மின்னுது. சர்வீஸ்ல கொண்டுபோய்க் கேட்டா, புதுசு வாங்கிக்கங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க.”

புது பேக் 5,000 ரூபாயைத் தாண்டும். அவருக்கு அது நாலைந்து நாள் கூலி. வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து பேக்கின் வெளிமுனைகளில் வைத்தேன். 17.8 வோல்ட். 18 வோல்ட் பேக்கில் 17.8 காட்டினால் பார்க்கிற யாரும் நல்ல பேக் என்றுதான் சொல்வார்கள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப உசுரு இருக்கா?”

“இருக்குண்ணே. ஆனா இந்த நம்பர மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது. தொறந்து பாக்கணும்.”

பேக் பழுதில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளியே தெரிவது ஒரே ஒரு எண். உள்ளே இருப்பது ஐந்து எண்களின் கூட்டல். ஐந்தில் நான்கு நன்றாக இருந்து ஒன்று படுத்துவிட்டாலும் மொத்தம் பார்க்க ஆரோக்கியமாகவே தெரியும்.

அண்ணனுடையது 4 ஆம்பியர்-ஹவர் பேக். திறந்தால் பத்து செல் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 18650 என்று அந்த செல்லுக்குப் பெயர் வந்தது இந்த அளவினால்தான். கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. இரண்டிரண்டு செல்லாக பேரலலில் சேர்த்து ஐந்து ஜோடி ஆக்கி, அந்த ஐந்து ஜோடியையும் சீரிஸில் கோத்திருப்பார்கள். ஒரு லித்தியம் அயான் செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.6. ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2, ஐந்து சேர்ந்தால் 21. அதனால் கடையில் “18 வோல்ட்”, “20 வோல்ட் மேக்ஸ்”, “21 வோல்ட்” என்று மூன்று விதமாக எழுதி விற்றாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து வரிசைதான். 48, 88 என்றெல்லாம் அச்சடித்த மலிவு பேக்குகளையும் திறந்து பார்த்திருக்கிறேன். அவற்றிலும் ஐந்து வரிசைதான். உழைத்துச் சம்பாதித்த காசை அந்த எண்ணை நம்பிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நான்கு ஸ்க்ரூ. நட்சத்திரத் தலை, நடுவில் ஒரு முள். சாதாரண பிட் உள்ளே இறங்காது, நடுவில் ஓட்டை உள்ள பிட் வேண்டும். ஒரு ஸ்க்ரூவை ஸ்டிக்கருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கும்போது நான் முதலில் கவனிப்பது வாடையை. நகப்பூச்சு மாதிரி ஒரு இனிப்பு வாடை வந்தால் ஏதோ ஒரு செல் கசிந்திருக்கிறது. அப்படியே மூடி, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். இதில் அந்த வாடை இல்லை. செல்களுக்கு இடையில் மாவு மாதிரி எம்டிஎஃப் தூள் அப்பியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து எடுத்ததும் நிக்கல் பட்டைகள் தெரிந்தன.

மீட்டரின் முள்ளை ஒவ்வொரு ஜோடியாக நகர்த்திக்கொண்டு போனேன். 3.87. 3.88. 3.86. 3.88. கடைசி ஜோடி 2.31.

அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி எண்ணைப் பார்த்ததும், “இவன்தானா?” என்றார்.

இவன்தான். சீரிஸில் ஓடும் கரண்ட் எல்லா ஜோடிக்கும் ஒன்றே. டிரில்லை அழுத்தியதும் நான்கு ஜோடி தெம்பாகக் கரண்ட் கொடுக்க, காலியாகக் கிடக்கும் ஐந்தாவது ஜோடி வழியாகவும் அதே கரண்ட் போயாக வேண்டும். அது சட்டென்று கீழே சரியும். மிஷின் நின்றுவிடும். சார்ஜரில் போட்டால், பேக்குக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டு, ஒரு ஜோடி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருப்பதைப் பார்த்து சார்ஜை மறுத்துவிடும். போர்டு செய்வது சரிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மின்னும் விளக்கை “பேட்டரி செத்துப்போச்சு” என்று மொழிபெயர்த்து, நல்ல எட்டு செல்லையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோமே, அது சரியில்லை.

சரி, ஒரு ஜோடி மட்டும் ஏன் இறங்கியது? இதைக் கண்டுபிடிக்காமல் வெறுமனே சார்ஜ் ஏற்றிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் அதே பேக் திரும்பி வரும். எனக்குத் தெரிந்து பெரும்பாலும் இரண்டு காரணம். சில பேக்குகளில் போர்டு தனக்கு வேண்டிய கரண்டை ஒரே ஒரு ஜோடியிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும். மிகக் கொஞ்சம்தான், ஆனால் நாள் முழுக்க, வருடம் முழுக்க. வேலை இல்லாத மூன்று நான்கு மாதம் பேக் மூலையில் கிடந்தால் அந்த ஜோடி மட்டும் மெதுவாக வற்றிவிடும். இது நல்ல செய்தி. செல்லில் குறை இல்லை, சமன்தான் போயிருக்கிறது. இன்னொரு காரணம், ஜோடியில் ஒரு செல்லுக்குள்ளேயே கசிவு. பேரலலில் இருப்பதால் அது தன்னோடு இருக்கும் நல்ல செல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். வெளியிலிருந்து மீட்டரில் பார்த்தால் இரண்டும் ஒரே வோல்டேஜ்தான் காட்டும், குற்றவாளி யாரென்று தெரியாது.

பிரித்தால்தான் தெரியும். இரண்டு செல்லுக்கும் நடுவில் நிக்கல் பட்டையை வெட்டினேன். மார்க்கரில் ஒன்றுக்கு ‘அ’, மற்றதுக்கு ‘ஆ’. எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன்: 2 வோல்ட்டுக்குக் கீழே போய் நாள்கணக்கில் கிடந்த லித்தியம் செல்லுக்கு உயிர் கொடுக்க மாட்டேன். அந்த அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். இன்றைக்கு ஓடும், என்றைக்கோ ஒருநாள் தீப்பிடிக்கும். இந்த ஜோடி 2.31, எல்லைக்கு மேலே. அதனால் 3 வோல்ட் வரும்வரை 0.1 ஆம்ப் மட்டும் கொடுத்து, அடிக்கடி கையால் தொட்டு சூட்டைப் பார்த்துக்கொண்டு, பிறகு 4.10 வரை ஏற்றினேன். ஏற்றிவிட்டு, ஒரு பழைய மண்சட்டியில் தனித்தனியாக வைத்துவிட்டேன். இனி செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் பண்ணினார்.

“தம்பி, என்னாச்சு?”

“இன்னும் நாலு நாள் ஆகும்ணே. ரெண்டுல எது ஒழுகுதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“பாத்திரத்துல தண்ணி ஊத்தி வச்சுப் பாக்குற மாதிரியா?”

அதேதான். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அதுவரை வேலை நிற்கக் கூடாதே என்று வயர் போட்ட என் டிரில்லைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

ஏழாம் நாள் பார்த்தேன். ‘அ’ 4.09. ‘ஆ’ 3.71. ஒரு செல் சும்மா வைத்ததற்கே இவ்வளவு இறங்கினால் அது தேறாது. பத்து செல்லில் ஒன்றே ஒன்றுதான் கெட்டிருந்தது.

இந்தப் பழுதில் கையை விட மூளை வேலை செய்ய வேண்டிய இடம் இனிமேல்தான். கெட்ட செல்லை எடுத்துவிட்டுப் புது செல் ஒன்றைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. மீதி நான்கு ஜோடியையும் முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறதென்று அளந்தேன். புதிதில் ஜோடிக்கு 4 ஆம்பியர்-ஹவர். இப்போது 3.4-லிருந்து 3.5 வரை வந்தது. அதாவது செல்லுக்கு ஏறக்குறைய 1.7. நான்கும் சேர்ந்தே வயதாகியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் புத்தம்புதிய ஜோடியைச் சேர்த்தால் பேக் ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது, பழைய ஜோடி காலியானதும் பேக்கும் காலிதான். இந்த மாதிரி பேக்குகளில் பல போர்டுகள் ஜோடிகளைச் சமன்படுத்துவதும் இல்லை. நடை வேறான மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டுவது போல. எனக்குத் தேவை அதே தயாரிப்பில், அதே வயதில், அதே 1.7-இல் இருக்கும் இரண்டு செல்.

இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து ஓடு உடைந்த ஒரு பேக்கை, சீலிங் வேலை செய்யும் ஒருவர் போன வருடம் என்னிடம் விட்டுப்போயிருந்தார். விழுந்த செல்லில் நசுங்கல் இருந்தால் தொடவே கூடாது. அதில் நான்கு செல்லை அப்போதே ஒதுக்கிவிட்டேன். மற்றதை அளந்து, தேதி எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து 1.71, 1.69 என்று இரண்டு கிடைத்தது. ‘அ’ நல்ல செல்தான், ஆனால் 2.31 வரை போய் வந்தது. அதை டார்ச் லைட்டுக்கு எடுத்துவைத்துக்கொண்டேன்.

லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லைப் போட்டுத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். அளவு ஒன்று, வோல்டேஜும் ஒன்று, கொள்ளளவு 2.2, 2.6 என்று கூடவே இருக்கும். பிறகு ஏன் கூடாது? லேப்டாப் செல் மெதுவாக நடக்கப் பழகியது. டிரில் பிட் கட்டையில் சிக்கி ஒரு கணம் திணறும்போது பேக்கிலிருந்து 30 ஆம்ப் இழுக்கிறது என்று வையுங்கள். ஜோடியில் ஆளுக்கு 15. பழைய லேப்டாப் செல்லின் உள்தடை 70 மில்லி ஓம் இருந்தால் ஒரு செல்லுக்குள்ளேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். ஐந்து வரிசைக்கு 5 வோல்ட். 18 வோல்ட் மிஷினுக்கு 13 வோல்ட் போய்ச் சேரும். காணாமல் போன அந்தச் சக்தி எங்கே போகிறது? சூடாகிறது. செல்லுக்குக் கிட்டத்தட்ட 16 வாட். பத்து செல்லுக்கு 160 வாட். சாதாரண சால்டரிங் அயன் 25 வாட்தான். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஆறு சால்டரிங் அயனைப் போட்டு மூடிய மாதிரி. டூலுக்கென்று செய்த செல்லின் உள்தடை 20 மில்லி ஓம் அளவில் இருக்கும், அதே திணறலில் 4.5 வாட்தான். புதிதாக வாங்குவதென்றால் 15, 20 ஆம்ப் தொடர்ந்து தரும் செல்லாகக் கேட்டு வாங்குங்கள். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்றவை அந்த வகை. அவற்றின் பெயரில் போலியும் வருவதால், நான் முதலில் தராசில் வைப்பேன். நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். மேலே “9900” மில்லி ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்தால் தராசுகூட வேண்டாம். இந்த அளவு செல்லில் நாலாயிரத்தைத் தொடுவதே அபூர்வம்.

பழைய மெக்கானிக்குகள் சிலர் சொல்லும் இன்னொரு வழி இருக்கிறது. படுத்த செல்லுக்கு கார் பேட்டரியிலிருந்து பளிச்சென்று ஒரு உதை கொடுப்பது. அது நிக்கல் காட்மியம் காலத்து வித்தை. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் வயரில்லாத டிரில்லைக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்தது நிக்கல் காட்மியம்தான். செல்லுக்கு 1.2 வோல்ட், 12 வோல்ட் பேக்குக்குப் பத்து செல். அந்த செல்லுக்குள் ஊசி மாதிரிப் படிகம் வளர்ந்து ஷார்ட் ஆகும், பெரிய கரண்ட் கொடுத்தால் அந்த ஊசி எரிந்து செல் விழித்துக்கொள்ளும். சில வாரத்தில் ஊசி மறுபடி வளரும். நானும் என் ஆரம்ப நாட்களில் செய்திருக்கிறேன். ஆனால் 2005 வாக்கில் மில்வாக்கி போன்ற கம்பெனிகள் லித்தியம் அயானுக்கு மாறத் தொடங்கிய பிறகு அந்த வித்தைக்கு வேலை இல்லை. லித்தியம் செல்லுக்கு அப்படி உதை கொடுப்பது நெருப்புக்கு அழைப்பு. இதைப் படிக்கும் யாராவது செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

செல்லைச் சேர்க்க ஸ்பாட் வெல்டிங்தான். சால்டர் வைக்கக் கூடாது. அயன் முனை 350 டிகிரி, செல்லுக்குள் இரண்டு தகட்டையும் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் தாளோ 130 டிகிரி பக்கத்தில் உருகுவது. நேராகச் செல்லின் அடியில் ஈயம் வைத்தால் வெளியே எதுவும் தெரியாது, சேதம் உள்ளே. பட்டை 0.15 மில்லிமீட்டர், சுத்த நிக்கல். நிக்கல் பூசிய இரும்பும் அதே பளபளப்பில் வரும். அதில் தடை அதிகம், சூடாகும். ஒரு துண்டைச் சொரசொரப்பாக உரசி உப்புத்தண்ணீரில் போட்டு வையுங்கள். இரும்பென்றால் ஓரிரு நாளில் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செல்லின் பாசிட்டிவ் தலையைச் சுற்றி ஒட்டும் வட்ட வாஷர். காசு கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் 18650 செல்லின் மொத்த உடம்பும் நெகட்டிவ், தலையின் நடுப்பொட்டு மட்டும் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான். பாசிட்டிவ் பட்டை அந்த விளிம்பின் மேல்தான் தாண்டிப் போகும். நடுவில் காப்பு, மேலுறையாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே. நான் செய்த இரண்டாவது பேக்கில் வாஷர் வைக்காமல் விட்டேன். டிரில்லின் அதிர்வில் பட்டை அந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, டூல் பாக்ஸுக்குள் பேக் உருகி, பட்டை சிவந்து புகைந்தது. கட்டட வேலை நடக்கும் இடம், பக்கத்தில் மணல் இருந்தது, பெட்டியோடு தூக்கி மணலில் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தொழிலாளி வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அவருக்குப் புது பேக் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு செல்லில்கூட வாஷர் இல்லாமல் பட்டை வைத்ததில்லை.

அண்ணன் பேக்குக்குத் திரும்புகிறேன். மாற்று ஜோடியைச் சேர்ப்பதற்கு முன் மற்ற நான்கு ஜோடியோடு வோல்டேஜைச் சமமாக்கினேன். எல்லாம் 3.80. நூறில் ஒரு பங்கு வோல்ட்கூட வித்தியாசம் இல்லாமல். பிறகு வெல்டிங். ஒவ்வொரு பட்டையையும் மூக்குக் குறடால் இழுத்துப் பார்த்தேன், பட்டை கிழிந்தாலும் புள்ளி விடக் கூடாது. போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்களை நெகட்டிவிலிருந்து ஆரம்பித்து வரிசையாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வரிசை மாறினால் போர்டு ஒரு நொடியில் போய்விடும். சூட்டைப் பார்க்கும் தெர்மிஸ்டரை அதே பழைய இடத்தில், இரண்டு செல்லுக்கு நடுவில் செருகி டேப் ஒட்டினேன்.

சார்ஜரில் வைத்ததும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. எனக்கு நிம்மதி. ஏனென்றால் எல்லா பேக்கும் இப்படி மன்னிப்பதில்லை. சில பேக்கின் சிப், சில தடவை பழுதைப் பார்த்துவிட்டால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே பத்து செல்லும் நன்றாக இருந்தாலும் அது திறக்காது. பாதுகாப்புக்காக நிறுத்துவது வேறு, சரிசெய்த பிறகும் திறக்க வழியே வைக்காதது வேறு. பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டகம் உருவாக்க ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. ஆசாரியின் பேக்கும் அந்தப் பேச்சுக்குள் வர வேண்டும். டிராக்டர் எப்படி விவசாயிக்கோ அப்படித்தான் அவருக்கு இந்த மிஷின்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வீட்டு நிலைக்கதவுக்கென்று வைத்திருந்த வேங்கைத் துண்டில் பிட்டை இறக்கினார். திணறாமல் இறங்கியது. பணம் எவ்வளவு என்றார். செல் பழையது என்பதால் பட்டைக்கும் என் நேரத்துக்கும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

“இனி எப்படி வச்சுக்கணும் தம்பி?”

“வேல முடிஞ்சு சூடா இருக்கும்போதே சார்ஜ்ல போடாதீங்கண்ணே. தொட்டா குளுந்திருக்கணும். சித்திரை வெயில்ல பைக் பாக்ஸ்ல வச்சுட்டுப் போகாதீங்க. ரொம்ப நாள் வேல இல்லன்னா பாதி சார்ஜ்ல வைங்க, மாசம் ஒரு தடவ பாருங்க.”

செல் தயாரிப்பவர்கள் சார்ஜ் செய்யச் சொல்லும் உச்ச வெப்பம் பொதுவாக 45 டிகிரி. மதுரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடும்.

போகும்போது வாசலில் நின்று, கூட வேலை செய்யும் ஒருவருடைய பேக்கும் இருப்பதாகச் சொன்னார். மழைத்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறியதாம், காயவைத்துவிட்டார்களாம். அதைக் கொண்டுவர வேண்டாம் என்றேன். சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், முனைகளில் டேப் ஒட்டி வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள் என்றேன். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்தக் கம்பெனியின் டீலரிடமே கொண்டுபோய்க் கேட்கச் சொன்னேன். என்னிடம் இருந்த ‘ஆ’ செல்லும், நசுங்கிய அந்த நான்கும் அதற்காகத்தான் முனைகளில் டேப் ஒட்டி மணல் போட்ட டப்பாவில் காத்திருக்கின்றன.

அண்ணன் பேக்கை மூடுவதற்கு முன் உள்மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தேன்: தேதி, ஐந்தாவது ஜோடி மாற்றியது, 1.7, ‘சமன் 3.80’. அடுத்த முறை திறப்பது நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஜோடி என்று தெரிய வேண்டுமே. தை பிறந்ததும் ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து ஜோடியையும் அளந்து பக்கத்திலேயே எழுத இடம் விட்டிருக்கிறேன்.